மிளகு போன ஊர்களும் பிற ஊர்களும்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்கும்போது வரும் கடிதங்களில் பாதி, வெளிநாடு போனால் எந்தக் கோட்டையைப் பார்ப்பது, எந்த அருங்காட்சியகத்தை விடுவது என்று கேட்பவையாக இருக்கின்றன. மார்த்தாண்டம் முதல் குமுளி வரை, பாலக்காடு முதல் ஆந்திரத்துச் சித்தூர் வரை எல்லையோரத் தமிழ் வாசகர்கள் எழுதியவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை சொல்கிறேன். விசாவையும் விமானச் சீட்டையும் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தப் பகுதி பார்க்கும் இடங்களுக்கு மட்டுமே உரியது.

கேள்வி: "பத்து நாளில் ஏழு நாடுகள்" என்று ஓர் ஐரோப்பியச் சுற்றுலாவை விளம்பரம் செய்கிறார்கள். ஓய்வூதியப் பணத்தில் நானும் மனைவியும் போகலாம் என்று நினைக்கிறோம். இத்தனை வேகமாகப் பார்த்தால் ஏதாவது மனத்தில் நிற்குமா? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் பயண நிரலை வாங்கி, ஒவ்வோர் இடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், ஐயா. "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று இருந்தால் உள்ளே போவீர்கள். "போட்டோ ஸ்டாப்", "வெளியிலிருந்து பார்வை", "பேருந்திலிருந்தபடியே நகர்வலம்" என்று இருந்தால் ரோமின் கொலோசியத்துக்கு எதிரே கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவீர்கள். பாரிஸின் லூவ்ரு அருங்காட்சியகத்தைப் பொறுத்தவரை, அதன் முற்றத்துக் கண்ணாடிப் பிரமிடைத்தான் பார்த்திருப்பீர்கள். இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளம்பரத்தாள் பெரிய எழுத்தில் சொல்லாது.

அடுத்தபடியாகத் தூரத்தைக் கணக்கிடுங்கள். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் சூரிக் நகருக்கு அதைவிடவும் அதிகம். ஏழு நாடு என்றால் பகலில் பெரும்பகுதி பேருந்து இருக்கையில்தான் கழியும். மதியம் சோறும் சாம்பாரும் கிடைக்கும் என்பதற்காகவே குழுவோடு போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், வயதான காலத்தில் வயிறும் முக்கியம்தான். ஆயினும் அந்த இந்திய உணவகம் நகரின் எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் போக வர ஆகும் நேரம் அருங்காட்சியகத்துக்கு உரிய நேரத்திலிருந்துதான் கழியும். அதே பத்து நாளுக்கு இத்தாலியும் பிரான்சும் மட்டும் என்று ஒரு திட்டம் கிடைத்தால், பணம் சற்றுக் கூடினாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குக் குமுளிக்கு அருகே மிளகுத் தோட்டம் இருக்கிறது. இத்தாலியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க ரோமுக்குப் போகிறேன். நம் மலை மிளகு அந்தக் காலத்தில் ரோமுக்குப் போனது என்று படித்திருக்கிறேன். அங்கே அதற்குக் கண்ணால் காணத்தக்க அடையாளம் ஏதேனும் உண்டா? (குமுளி வாசகர்)

பதில்: உண்டு. கொலோசியத்துக்கு வாங்கும் சீட்டிலேயே அதை ஒட்டியுள்ள, பழைய நகரின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்துக்கும் அனுமதி அடங்கியிருக்கும். பெரும்பாலான பயணிகள் கொலோசியத்தில் களைத்துப்போய் ஃபோரத்தை அரைகுறையாகச் சுற்றிவிட்டு வெளியேறுகிறார்கள். நீங்கள் மாறாகச் செய்யுங்கள். ஃபோரத்தின் நடுவே செல்லும் பழைய புனிதப் பாதையின் ஓரத்தில் மூன்று மாபெரும் வளைவுகள் மட்டும் எஞ்சி நிற்கும் ஒரு கட்டடத்தைக் காண்பீர்கள். அது மாக்சென்டியஸ் என்ற பேரரசன் தொடங்கி, அவனை வென்ற கான்ஸ்டன்டைன் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்த பொதுமண்டபம். அந்த மண்டபம் எழுந்த இடத்தில், அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பு டொமிஷியன் பேரரசன் (81–96) கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. "மிளகுக் கிடங்கு" என்பதே இலத்தீனில் அதன் பெயர். இன்று மிஞ்சியிருப்பவை அடித்தளச் சுவர்களே. தெரியாமல் போகிறவர் கண்ணுக்கு அவை வெறும் செங்கற்கள். கொடியேற்றி, காய் பறித்து, பாயில் உலர்த்தி, மூட்டை கட்டிக் கடைக்கு அனுப்பிப் பழகிய உங்களுக்கு அப்படித் தோன்றாது.

அந்தக் கிடங்கு கட்டப்படுவதற்குச் சற்று முன்பு வாழ்ந்த பிளினி என்னும் ரோமானிய அறிஞர் அங்காடி விலையையே எழுதிவைத்திருக்கிறார். ஒரு ராத்தல் கறுப்பு மிளகு 4 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7 தினாரியஸ், திப்பிலி 15 தினாரியஸ். இந்தியா ஆண்டுதோறும் ரோமானியப் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் காசை இழுத்துக்கொள்கிறது என்றும், காரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு பொருளுக்கு மக்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்றும் அவர் நொந்துகொள்கிறார். நமக்கு அது சினம் தரவேண்டிய கருத்து அன்று. விளைவித்தவர் பக்கம் வரவு இருந்திருக்கிறது என்பதற்குச் சான்று. 408ஆம் ஆண்டில் விசிகோத் மன்னன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்காக அவன் பெற்ற பணயத்தில் பொன்னும் வெள்ளியும் பட்டும் மட்டுமல்லாமல் 3,000 ராத்தல் மிளகும் இருந்தது.

ரோமிலிருந்து விரைவு இரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் நேப்பிள்ஸ் இருக்கிறது. அங்குள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், 1938இல் பொம்பெய் அகழாய்வில் கிடைத்த யானைத் தந்தப் பெண்ணுருவம் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலை பொம்பெய் நகரைச் சாம்பலில் புதைத்தது; ஆகவே இந்தியாவில் செதுக்கிய அந்தச் சிறு உருவம் அதற்கு முன்பே அந்நகரின் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "பொம்பெய் இலட்சுமி" என்று பெயர் நிலைத்துவிட்டாலும் அது யட்சி உருவமாக இருக்கக்கூடும் என்று கருதும் அறிஞர்கள் பலர். செவ்வாய்க்கிழமை அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பொம்பெய் நகரத்தை முற்பகலிலும் அருங்காட்சியகத்தைப் பிற்பகலிலும் பார்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பொம்பெயின் கல்தெருக்களில் நடந்த கால்களோடு மாடிப்படி ஏறிப் பாருங்கள், அந்த யோசனை சரியில்லை என்று தெரியும். இரண்டுக்கும் இரண்டு நாள் வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, ஊரிலேயே ஒரு வேலை இருக்கிறது. குமுளியிலிருந்து இறங்கி எறணாகுளம் மாவட்டத்து வடக்குப் பறவூருக்குப் போங்கள். அதை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில், கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் நடத்திய அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் மதுச்சாடித் துண்டுகளும், செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், ஒரே மரத்தைக் குடைந்த தோணியும், கூடவே மிளகு மணிகளும் கிடைத்தன. பழைய முசிறித் துறைமுகம் இந்தப் பகுதியில்தான் இருந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. மிளகு புறப்பட்ட துறையை முதலில் பார்த்துவிட்டு, அது போய் இறங்கிய கிடங்கைப் பிறகு பார்ப்பதுதான் முறை. செங்கடற்கரையில் எகிப்தின் பெரெனிகே துறையில், இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. வழியில் தங்கிப்போன சரக்கு என்று அதைக் கொள்ளலாம். மகன் உங்களை வியன்னாவுக்கும் அழைத்துப் போவதாக இருந்தால், அங்குள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் முசிறிச் சரக்கு பற்றிய 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடு பாதுகாக்கப்படுகிறது. அதில் "ஹெர்மப்போலோன்" என்ற கப்பலின் பெயரும், தந்தம், சடாமாஞ்சி ஆகிய பொருள்களின் மதிப்பும் எழுதப்பட்டுள்ளன. காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: அருங்காட்சியகங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறையா? (தக்கலை வாசகி)

பதில்: தக்கலையிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ஒரு சிறு வியப்பு. உங்கள் ஊர்ப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள அந்த அரண்மனைக்கு, திங்கட்கிழமை விடுமுறை என்று தெரியாமல் வந்து திரும்பிப் போகும் வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டிலும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நாள். லூவ்ருக்குச் செவ்வாய், வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள். வாடிகன் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை என்றாலும் மாதத்தின் கடைசி ஞாயிறு திறந்திருக்கும். அன்று கட்டணம் இல்லை என்பதால் நெரிசல் தாங்காது. விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே இந்தக் கிழமைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இராமாயணமும் பாரதமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கோர்வாட் பார்க்க ஆசைப்படுகிறார். ஆனால் முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா? (செங்கோட்டை வாசகி)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், அம்மா. அங்கோர்வாட்டில் உங்கள் தாயார் பார்க்க வேண்டியது மேலே இல்லை, கீழே இருக்கிறது. கம்போடியாவின் சியெம் ரியாப் நகரை ஒட்டி, 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய அந்தக் கோயிலின் முதல் தளத்தில், நான்கு புறமும் சுற்றிவரும் நீண்ட திருச்சுற்றின் உட்சுவர் முழுவதும் புடைப்புச் சிற்பங்கள். மேற்கு வாயிலிலிருந்து வலப்புறம் திரும்பினால் குருட்சேத்திரப் போர். அம்புப் படுக்கையில் வீடுமரை (பீஷ்மரை) அம்மாவே அடையாளம் கண்டு உங்களுக்குக் காட்டுவார். தெற்கில் சூரியவர்மனின் பவனியும், சொர்க்கமும் நரகமும். கிழக்கில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடைதல். ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர், நடுவில் திருமால். மேற்கின் வடபகுதியில் இலங்கைப் போர். கோயில் மேற்குப் பார்த்தது, சிற்ப வரிசையும் அப்பிரதட்சிணமாகச் செல்கிறது. நம் வழக்கப்படி வலம் வர முயன்றால் கதை பின்னோக்கி ஓடும் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அங்கே ஒரு விவாதம் நடக்கும்.

மூன்றாம் தளத்துக்கு ஏறும் படிகள் மிகச் செங்குத்தானவை. பழைய கற்படிகளின்மீது மரப்படி அமைத்துக் கைப்பிடி போட்டிருந்தாலும், முழங்கால் வலி உள்ளவர் ஏற வேண்டாம். பௌத்தப் புனித நாள்களில் அந்தத் தளத்தை மூடிவைப்பதும் உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அங்கே அனுமதிப்பதில்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம் என்பதால் அம்மாவின் புடவையே போதுமானது. மேற்கு வாயிற் கோபுரத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் திருமால் உருவத்துக்கு உள்ளூர் மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். அங்கே அம்மா சற்று நேரம் நிற்க விரும்புவார், அதற்கும் நேரம் வையுங்கள்.

அனுமதிச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளாகவும் இருக்கலாம். ஒருநாள் பார்த்து ஒருநாள் படுத்து எழுந்து போகிறவருக்கு இது பேருதவி. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே ஏற்றது. ஏப்ரல் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததன்று. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு நாளுக்காவது அமர்த்திக்கொள்ளுங்கள். சூரிய உதயத்தைக் குளத்தில் பார்க்க நான்கரை மணிக்கே எழுப்பிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு அது தேவையில்லை. சிற்பங்களை உதயத்துக் கூட்டம் காலை உணவுக்குக் கலைந்துபோன பிறகு பார்ப்பதே நல்லது.

கேள்வி: இலண்டனில் இருக்கும் இந்தியக் கலைப்பொருள்களைப் பணம் கொடுத்துப் பார்ப்பது, கொண்டுபோனவர்களுக்கே கப்பம் கட்டுவது போல இல்லையா? (சித்தூர் வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, கணக்கில் சிறு பிழை இருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கும் நுழைவுக் கட்டணமே இல்லை. கட்டணம் வாங்குவது இலண்டன் கோபுரம்; கோகினூர் வைரம் இருப்பது அங்கே. ஆகவே யாருக்குக் காசு கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

கோகினூரைப் பார்க்கப் போக வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆந்திரத்துக் கிருஷ்ணைக் கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் அந்தக் கல்லை, 1849இல் பஞ்சாபின் சிறுவன் அரசன் துலீப் சிங்கிடமிருந்து பெற்றுக்கொண்டு, 1852இல் ஏறத்தாழ 186 காரட்டிலிருந்து 105 காரட்டுக்குச் சற்று மேலாகச் செதுக்கிக் குறைத்துவிட்டார்கள். மகுடங்களுக்கு முன்னால் நகரும் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். நீங்கள் நிற்கவும் முடியாது. சில நொடிப் பார்வைக்கு அத்தனை பவுன் செலவழிப்பது வீண்.

அமராவதிச் சிற்பங்கள் வேறு கதை. குண்டூர் மண்டலத்தில் கிருஷ்ணைக் கரையில் இருந்த அந்த மாபெரும் பௌத்தத் தூபியை நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1797இல் கண்டார், 1816இல் திரும்பி வந்து வரைபடங்கள் எடுப்பித்தார். ஆங்கில அதிகாரி வால்டர் எலியட் 1845இல் தோண்டிய கற்கள் சென்னைக்கு வந்து வெயிலில் கிடந்து, பின்னர் 1859இல் கப்பலேறி, 1880இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று அவற்றுக்கென்றே தனி அறை, எண் 33ஏ. வெண்ணிறச் சுண்ணக்கல்லில் புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகளும், கொடிமாலை தாங்கும் உருவங்களும், முழுத் தூபியின் தோற்றத்தையே காட்டும் பலகைச் சிற்பமும் அங்கே உள்ளன. அந்தப் பலகையின் முன்னால் நின்றால், இடிந்துபோன கட்டடம் எப்படி இருந்தது என்பது விளங்கிவிடும். ஆனால் எஞ்சிய கற்களில் பெரும்பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சித்தூரிலிருந்து காலையில் கிளம்பினால் முற்பகலுக்குள் போய்விடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. இங்கே பார்க்காமல் அங்கே போய்ப் பெருமூச்சு விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விக்டோரியா ஆல்பர்ட்டில், ஓர் ஐரோப்பியனைக் கடித்துக் குதறும் திப்பு சுல்தானின் மரப்புலி நிற்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொண்டுபோனது. உள்ளே இசைக்குழல்கள் பொருத்திய பொறி. திப்புவின் தந்தை ஐதர் அலி 1782இல் உயிர்விட்டது உங்கள் சித்தூருக்கு அருகே இருந்த பாசறையில்தான் என்பதால், அந்தப் புலி உங்களுக்கு அவ்வளவு அந்நியமானதாக இராது. திரும்பி வந்தவையும் இருக்கின்றன. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல் ஆஸ்திரேலியா அதை இந்தியாவிடம் ஒப்படைத்தது. கோயிலில் முன்பு எடுத்த பழைய புகைப்படத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. பார்க்கப் போகிறவர் கண்ணுக்கும் அந்த வகையில் ஒரு வேலை உண்டு.

கேள்வி: பிற சமய வழிபாட்டிடங்களில் உடைக் கட்டுப்பாடு மிகத் தொல்லையாமே? (களியக்காவிளை வாசகர்)

பதில்: திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலில் சட்டையைக் கழற்றி வேட்டி கட்டிக்கொண்டும், சுடிதாருக்கு மேல் முண்டு சுற்றிக்கொண்டும் வரிசையில் நிற்கிற நாம் இதைத் தொல்லை என்று சொல்லலாமா? வாடிகனின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா 537இல் தேவாலயமாக எழுந்து, 1453க்குப் பின் பள்ளிவாசலாகி, பின்னர் அருங்காட்சியகமாகி, 2020 முதல் மீண்டும் பள்ளிவாசல். அங்கே பெண்கள் தலையை மூட வேண்டும், வெள்ளிக்கிழமைத் தொழுகை வேளையில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. ஒரு துப்பட்டாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வாடிகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கத் தடை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய மேற்கூரையைக் கழுத்து வலிக்கும்வரை பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். அதிகம் செலவழிக்க முடியாது. தமிழுக்குத் தொடர்புடைய சின்னங்களைப் பார்க்கும்படி அருகில் ஒரு நாடு சொல்லுங்கள். (கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: இலங்கைதான், ஐயா. 1911இல் காலி நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை சொல்கின்றன. கல் காலத்தால் மிகவும் தேய்ந்திருக்கிறது, ஆகவே தமிழ்ப் பகுதியின் அச்சிட்ட பாடத்தைக் கையில் எடுத்துச் சென்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களுக்கு அதுவே அரை நாள் வேலை.

பிறகு பொலன்னறுவைக்குப் போங்கள். சோழர் காலத்துக் கற்றளியான வானவன் மாதேவி ஈச்சரம், "இரண்டாம் சிவ தேவாலயம்" என்ற பெயர்ப்பலகையோடு அங்கே நிற்கிறது. அதன் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தஞ்சையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது சிறிய கோயில். சற்றுத் தள்ளி, புத்தரின் பல்லைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்னும் தமிழ்ப் படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு பெரும் பலகைக் கல்லில் இருக்கிறது. பயணிகள் பலரும் அதைக் கடந்துபோகிறார்கள். கல் விகாரையில் ஒரே பாறையில் செதுக்கிய புத்தர் உருவங்களில், கிடந்த திருக்கோலம் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது அந்நாட்டில் பெருங்குற்றமாகக் கருதப்படுகிறது; உடன் வருகிறவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது என்பதால், பழைய காலுறை ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள்.